இரண்டாவது மேசை

"சுவிட்சுல கை வெக்காத பூபாலா. அப்பிடியே நில்லு."

கம்ப்யூட்டரில் எர்ரர் என்று கேள்விப்பட்ட கோகிலவாணி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை கவியா. தலையில் போட்டிருந்த கோணிச்சாக்கு படியில் நழுவி விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. வெளியே கார்த்திகைத் தூறல். மலைமேல் அத்திக்கொல்லையில் எதிர்வூடு தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது.

பூபாலன் மெயின் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தான். சாமை அரவை மெஷினை ஓட்டுகிறவன். புருவம், மீசை, காது மடல் எல்லாம் தவிட்டுத் தூசி. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் ஒருதரம் நிறுத்திப் போடுவது.

"இன்னா அண்ணி, பேய் பூந்த மாதிரி ஓடியாற. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப் பூடும். போன வாரம் அரவை மெஷினு அப்பிடித்தான் ஓடுச்சு."

"இது அரவை மெஷினு இல்ல. கையை எடு மொதல்ல."

எடுத்தான். அவள் மூன்றாவது மேசைக்குப் போய்த் திரைமுன் குனிந்தாள். இங்கிலீஷில் ஒரு சின்னப் பெட்டி. அவள் படித்த ப்ளஸ் டூ அதை எழுத்துக்கூட்டிப் படிக்கப் போதும். இந்த இடத்தில் ஃபைலை சேவ் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை.

போனை எடுத்து அந்தப் பெட்டியை ஒருதரம் படம் பிடித்தாள். போதாது என்று இன்னொரு தரம்.

"எர்ரரு வந்ததுக்கு போட்டோ புடிக்கற மொத ஆளு நீதான் அண்ணி," என்றான் பூபாலன். "கல்யாணத்துக்கு புடிச்ச மாதிரி புடிக்கற."

"போன வருசம் என் வூட்டுக்காரரு இதைத்தான் சொன்னாரு பூபாலா. கூட்டத்துல நின்னு, சேவ் பண்ணப் போனா அனுமதி இல்லன்னு வருதுன்னு சொன்னாரு. நீ சிரிச்ச. ஊரே சிரிச்சுது."

பூபாலன் மீசைத் தூசியைத் துடைத்தான்.

விவசாயிகள் சங்கத்து ஆபீஸ் என்பது அரவைக் கொட்டகையை ஒட்டிய ஒரே அறை. மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர். முதல் மேசையில் இருப்பது பெரிய மெஷின். சங்கத்துச் சமாச்சாரம் எல்லாம் அதில் 'பொது' என்ற ஒரு ஃபோல்டரில் இருக்கும். மற்ற இரண்டும் சுவரோரமாக ஓடும் ஒயர் வழியாக அதற்குள் போய்த்தான் எழுதிவிட்டு வரவேண்டும். இரண்டாவது மேசை கோகிலவாணியுடையது. மூன்றாவது மேசை அவள் புருசன் ஜீவானந்தத்துடையது. ஒயர் இழுத்தது, ஃபோல்டர் போட்டது, அவளுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவன்தான். இப்போது அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். அவன் மட்டும் மலையில் இல்லை.

போன கார்த்திகையில் நடந்தது இது. இயற்கை விவசாயச் சான்றுக்குக் கீழேயிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. எந்தக் குடும்பம் எந்தக் கொல்லையில் என்ன விதைத்தது, என்ன எரு போட்டது என்று களத்துமேட்டிலேயே கேட்டு எழுதிய சிட்டைகள் மூட்டையாக வந்து இறங்கின. ராவும் பகலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் அடித்தவள் கோகிலவாணி. அடித்து முடித்த சிட்டை அடுப்புக்குப் போனது. மழைக்காலத்தில் மலையில் விறகு சும்மா பற்றாது. காகிதம் கிடைத்தால் எந்த வூட்டிலும் அதுதான் கதி. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, இனிக் காகிதம் எதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதிகாரிகள் வந்த அன்று 'பொது' ஃபோல்டரைத் திறந்தால் அந்த வருசத்துப் பதிவு ஒன்றுகூட இல்லை. சான்று கிடைக்கவில்லை. மருந்து வாசனையே படாத சாமை, சந்தையில் சாதா சாமையோடு சாமையாகப் போனது.

யாரோ அழித்திருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. யார் என்று தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. அதற்கு நாலு நாள் முந்திதான் ஜீவானந்தம், சங்கத் தலைவியான தன் அக்கா ரத்தினம்மாளோடு களத்தில் எல்லோரும் பார்க்கச் சண்டை போட்டு, "இந்த ஆபீசு இருந்தா இன்னா, எரிஞ்சா இன்னா" என்று சொல்லியிருந்தான். கோபத்தில் சொன்ன சொல். சொல் தங்கிவிட்டது.

அத்திக்கொல்லையில் பொருள் காணாமல் போனால் போலீஸுக்குப் போகிற பழக்கம் இல்லை. பூட்டுகிற பழக்கமும் இல்லை. காட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் குறுக்கே ஒரு முள்ளுக்கொம்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத் தாண்டி யாரும் உள்ளே போனதில்லை. மீறி ஒன்று காணோம் என்றால் காளியம்மன் வாசலில் கற்பூரம் ஏற்றுவார்கள். பொருளில் கை பட்டவர்கள் வரிசையாக நிற்கவேண்டும். 'நான் செய்யல' என்று சொல்லி உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைக்கவேண்டும். ஒருவர் அணைத்தால் முறை அடுத்தவருக்குப் போகும். எவர் அணைக்காமல் கையை இழுத்துக்கொள்கிறாரோ, குற்றம் அவர் தலையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் நிற்பவர்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

முதலில் நின்றவன் ஜீவானந்தம். கற்பூரம் எரிந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்கே தெரியல. தெரியாததுக்கு நான் எப்பிடி சத்தியம் பண்றது?" என்றான்.

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அவனுக்குப் பின்னால் நின்றிருந்த கோகிலவாணிக்கு ஊர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று வூட்டில் அவள் வாய்க்கு வந்ததைப் பேசினாள். "தப்பு பண்ணாதவன் கைக்கு கற்பூரம் சுடுமா? உன் புள்ளையைச் சுமந்துகினு நான் எந்த மூஞ்சியோட தண்ணி எடுக்கப் போவேன்?" அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமைச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். விடிந்தபோது ஆள் இல்லை.

கணியம்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறான் என்று அப்புறம் தெரிந்தது. குழந்தை பிறந்ததற்கு ஜீப்காரரிடம் துணிமணி கொடுத்தனுப்பினான். வரவில்லை. அவள் போன் பண்ணினால் எடுக்கமாட்டான்.

அதனால்தான் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் மலையிலேயே இல்லை. அதே எர்ரர் வந்திருக்கிறது. அப்படியானால் மெஷின்தானே பண்ணியிருக்கவேண்டும்? இதை ஊர் முன்னால் நிரூபித்தால் அவன் பேர் சுத்தமாகும். பேர் சுத்தமானால் வூட்டுக்கு வருவான். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

"கலசப்பாக்கத்துல சர்வீஸ் பண்றவங்க நம்பரு இருந்துச்சே, அதைப் போடு பூபாலா. அவங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக்கூடாது."

"சாமை அரைக்கலாமா, அதுக்கும் போட்டோ புடிக்கணுமா?"

"போடா."

*

சர்வீசுக்கு வந்தது ஒரு பெண். பேர் ஆனந்தி. ஸ்கூட்டியில், ஜெர்கினுக்கு மேல் மழைக்கோட்டோடு, வளைவுகளில் வந்த களைப்பு முகத்தில் தெரிய வந்து இறங்கினாள்.

"எங்க ஓனரு மலைக்குன்னதும் இடுப்பு வலின்னுட்டாரு," என்றாள் கையைத் தேய்த்துக்கொண்டு. "சுடுதண்ணி இருந்தா குடுங்கக்கா. எத்தனை வளைவு, எண்ணறதை பாதியிலயே வுட்டுட்டேன்."

கோகிலவாணி சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே ஆனந்தி மூன்று மெஷினையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முதல் மேசையில் உட்கார்ந்தாள், ஏதோ தட்டினாள், சிரித்தாள்.

"அக்கா, இந்த 'பொது'வுக்கு பாஸ்வேர்டே இல்லையே."

"எதுக்கு? எங்களுதுதானே?"

"யாரு வேணா பேர் சொல்லாம உள்ள வரலாம், எழுதலாம்னு தொறந்து வுட்டு வெச்சிருக்கீங்க."

"எங்க ஊர்ல வூட்டுக்கே பூட்டு இல்ல ஆனந்தி," என்றான் வாசலில் நின்ற பூபாலன். "கம்ப்யூட்டருக்கா போடப் போறோம்?"

"உங்க ஊரு ஒத்துக்கும். புது அப்டேட்டு ஒத்துக்கறதில்லங்க. ராத்திரி அதுவா ஏறியிருக்கு. இனிமே பேரும் பாஸ்வேர்டும் இல்லாம வர்ற ஆளை இந்த மெஷினுங்க நம்பாது. கதவு தொறந்து கெடந்தாலும் வாசல்லயே நிறுத்திடும். அதான் அனுமதி இல்லன்னு வருது."

கோகிலவாணி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "போன வருசமும் இதே வந்துச்சு."

"வந்துருக்கும். அப்பவும் ஒரு அப்டேட்டு எல்லாரையும் படுத்துச்சு. யாரு சரி பண்ணாங்க?"

"என் வூட்டுக்காரரு. ஏதோ மாத்தி வெச்சாரு. அப்பால வேலை செஞ்சுது. ஆனா நான் அடிச்ச ஃபைலெல்லாம் காணோம்."

"காணோம்னா?"

கோகிலவாணி சொன்னாள். சிட்டை, அதிகாரி, கற்பூரம் எல்லாம். ஆனந்தி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பாதியில் எழுந்து இரண்டாவது மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். மூஞ்சியில் களைப்பு போய் வேறு ஒன்று வந்திருந்தது.

"டைப் அடிச்சது இதுலதானே? வயரு போனாக்கூட வேலை நிக்கக்கூடாதுன்னு இதுல மட்டும் ஒரு வசதியை ஆன் பண்ணி வெச்சிருக்காங்க. ஆஃப்லைன்னு பேரு. பெரிய மெஷினுக்குள்ள போக முடியலன்னா, எழுதினதை இது தன் வயித்துலயே வெச்சுக்கும். உங்களுக்கு பொதுவுலதான் சேவ் ஆகுதுன்னு தோணும். ஆனா பொதுவுக்குப் போகாது."

"அப்ப எனக்கு மட்டும் அன்னைக்கு எர்ரரு வரலையே..."

"வராது. இது கமுக்கமா வாங்கி வெச்சுக்கும். வழி சரியானதும், ரெண்டு எடத்துல இருக்கறதும் ஒண்ணா இல்லன்னு கேக்கும். கேக்காம எதுவும் பண்ணாது. யாராவது ஓகே குடுத்துருப்பாங்க. குடுக்கறதுதான், நானே குடுப்பேன். குடுத்ததும் பெரிய மெஷின்ல இருக்கற பழைய பட்டியலைக் காட்டிடும். இதோட வயித்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. ஆனா..."

அவள் விரல்கள் ஓடின. பூபாலன் உள்ளே வந்துவிட்டான்.

"ஆனா அழியாது," என்றாள் ஆனந்தி.

திரையில் வரிசை விழுந்தது. கோவிந்தன், மேட்டுக்கொல்லை, சாமை, ஆட்டு எரு. திரௌபதி, ஓடைக்கொல்லை, கேழ்வரகு. பாஞ்சாலை, புளி, மரம் பதினொன்று. வரிசை கீழே போய்க்கொண்டே இருந்தது. அடித்த விரல்களுக்கு ஒவ்வொரு பேரும் தெரிந்திருந்தது. விடிய விடிய உட்கார்ந்து அடித்தது. ஒன்றும் அழியவில்லை. ஒருவரும் எதையும் அழிக்கவில்லை. அவள் வேலை செய்த மேசையில், அவள் கைக்குக் கீழேயே, ஒரு வருசமாக எல்லாம் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கோகிலவாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

பூபாலன்தான் ஓடினான். அரவைக் கொட்டகை மெஷினை நிறுத்திவிட்டு, தூறலில் நனைந்துகொண்டு, களத்துப் பக்கம் போய்ச் சத்தம் கொடுத்தான். முதலில் வந்தது ரத்தினம்மாள். பெரிய உடம்புக்காரி. சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கையோடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். அறை கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகத் தலைகள்.

ரத்தினம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனந்தி ஒவ்வொரு பேராகப் படித்தாள். தன் பேர் வந்ததும் ரத்தினம்மாள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அப்ப என் தம்பி எதையும் அழிக்கல?"

"யாருமே அழிக்கலம்மா."

அவள் முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வயசுலேர்ந்து என் இடுப்புல வளந்தவன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "அம்மா செத்தப்பால என் கையால கூழு ஊத்தி வளத்தவன். அவனை நானே கற்பூரத்துக்கு முன்னாடி நிறுத்தினேன். அன்னைக்கு அவன் என் மூஞ்சியைப் பாத்தான் கோகிலா. ஒரே ஒரு தபா பாத்தான். நான் தலையைத் திருப்பிக்கினேன்."

"நான் மட்டும் இன்னா பண்ணேன் அண்ணி," என்றாள் கோகிலவாணி தரையிலிருந்தபடியே. "சோத்துல உக்காந்தவரை எழுப்பி வுட்டேன்."

ஜன்னலில் யாரோ சொன்னார்கள், "மேளம் வெச்சு இட்டாருவோம்." இன்னொருவர், "மொதல்ல ஊரு போயி மன்னிப்பு கேக்கணும்." ஆளாளுக்குப் பேசினார்கள். தப்பு யார் மேலும் இல்லை, மெஷின் மேல்தான் என்பதில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனந்தி ஒரு பேரும் பாஸ்வேர்டும் போட்டு மூன்று மெஷினையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ரத்தினம்மாள் வற்புறுத்தியதில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கினாள்.

*

ஊர் போவதற்கு முன்னால் தான் போய்ப் பேசிவிட்டு வருவதாகக் கோகிலவாணி கேட்டுக்கொண்டாள். ரத்தினம்மாள் மறுக்கவில்லை. சாமை மாவு, ஒரு பாட்டில் தேன், கொட்டை எடுத்த புளி என்று பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். "அக்கா குடுத்தான்னு சொல்லாத, அவன் திருப்பி அனுப்பிடுவான்," என்றாள். கோகிலவாணி கொஞ்ச தூரம் போனதும் பின்னாலேயே வந்து, "இல்ல, சொல்லு" என்றாள்.

ஜீப்பில் அமிர்தி. அங்கிருந்து பஸ். கீழே இறங்க இறங்க மஞ்சு விலகி வெயில் அடித்தது. குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டாள். கணியம்பாடியில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை.

ஜீவானந்தம் ஒரு ஆதார் அட்டையை மெஷினில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரை. நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான், பிறகு குழந்தையைப் பார்த்தான், பிறகு ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பினான். ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காரு மே. வெயில்ல வந்திருக்கற."

குழந்தையை நீட்டினாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். குழந்தை அழவில்லை. அவன் பாக்கெட்டிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா மூக்கு," என்றான்.

"குணமும் அப்பிடித்தான். நெனச்சது நடக்கலன்னா ஊரைக் கூட்டுது."

அவன் லேசாகச் சிரித்தான். அதைப் பார்த்த தைரியத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அதே எர்ரர் வந்தது, ஆனந்தி வந்தது, ஃபைல் எல்லாம் அப்படியே இருந்தது, ஊரே வந்து பார்த்தது, அக்கா முறத்தோடு நின்றது.

"இருந்துச்சா?" என்றான் அவன்.

"எல்லாமே இருந்துச்சு மாமா. ஒரு எழுத்து அழியல."

குழந்தையின் தலைமேல் இருந்த அவன் கை நின்றுவிட்டது. ரோட்டில் வேலூர் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. சந்தோசப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் முகம் வேறு மாதிரி இருந்தது, கட்டின வூடு கண்முன்னே சரிவதைப் பார்க்கிறவன் மாதிரி.

"அழியவே இல்லையா," என்றான் மறுபடியும், தனக்குத்தானே.

"ஞாயித்துக்கெழமை ஊரு வருது. மேளமெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். நீ வந்துடு மாமா. நான் பேசினதுக்கு ஊரு முன்னாடியே உன் கால்ல வுழறேன்."

"நான் வரல கோகிலா."

"ஏன்? பேருதான் சுத்தமாயிடுச்சே."

"வந்தா கேப்பாங்க. இன்னைக்கு இல்லன்னாலும் ஒருநாள் கேப்பாங்க. குத்தம் பண்ணாதவன் எதுக்கு கற்பூரத்தை அணைக்கலன்னு. அதுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

"அதான் அன்னைக்கே சொன்னியே. உள்ள இன்னா நடந்துச்சுன்னு தெரியலன்னு."

"தெரியும்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ரெண்டாவது மேசையிலதானே இருந்துச்சு?"

எந்த மேசை என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

"மெஷினை சரி பண்ணிட்டு உன்னைக் கூப்புடலாம்னு கதவாண்ட வந்து நின்னேன். உன் மெஷின்ல ஒரு பெட்டி வந்துச்சு. நீ படிக்கல. நடு முதுகைப் புடிச்சுனு சாஞ்சு உக்காந்திருந்த, மசக்கை, தூக்கம் வேற. ஓகே குடுத்த. என் கண்ணு முன்னாடியே பட்டியலெல்லாம் மறைஞ்சு போச்சு. நீ கவனிக்கவே இல்ல. அதோட அழிஞ்சே பூடுச்சுன்னுதான் நானும் நெனச்சேன். இவ்ளோ நாளும் அப்பிடித்தான் நெனச்சுனு இருந்தேன்."

"நானா?" என்றாள். "அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நேரா கோயிலுக்குப் போயி நின்னிருப்ப. எனக்கு உன்னைத் தெரியாதா?"

"சரி, நீ அழிக்கலன்னு உனக்குத் தெரியுமில்ல மாமா. தைரியமா அணைச்சிட்டு வந்திருக்கலாமே."

அவன் குழந்தையின் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக விடுவித்தான்.

"அணைச்சிருப்பேன். அணைச்சா முறை அடுத்த ஆளுக்குப் போகும். எனக்குப் பின்னால நின்னது நீ. நான் செய்யலன்னு நீ அடிச்சு அணைச்சிருப்ப, வயித்துல இவளை வெச்சுக்கினு."

அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"பொய் சத்தியம் வயித்துப் புள்ளையைத் தொடும்னு அக்கா சொல்லித்தான் நான் வளந்தேன்," என்றான் ஜீவானந்தம். "அதான் முறையை என்னோட நிறுத்திக்கினேன்."